அஞ்சாவது அறிகுறி

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, தரையெல்லாம் ஈரந்தான். கதவை அப்படியே விட்டுட்டு வாங்க, அதைச் சாத்த வேண்டாம். மெட்ராஸ்ல இருந்து கோபி வந்து, அங்கிருந்து மினி பஸ் புடிச்சு, ஒரு வி.ஏ.ஓ.வைத் தேடி இந்த நஞ்சைக்காட்டு ஊருக்கு வந்திருக்கீங்க. இந்தப் பதினாலு மாசத்துல என்னைத் தேடி வந்தவங்கள்ல கையில மெமோ இல்லாம வந்தது நீங்க ஒருத்தர்தான்.

உங்க கடுதாசியைப் படிச்சனுங்க. மலைப்பகுதிகள்ல நிலச்சரிவு காலத்து அவசர மேலாண்மையை மேம்படுத்தறதுக்குப் பரிந்துரை எழுதறீங்களாமா. எழுதுங்க. மேம்படுத்தறாங்களோ இல்லையோ, எங்களை நல்லாப் படுத்தறாங்க. கீழ இருக்கறவனுக்குத்தான் வலிக்கும்.

உங்க அறிக்கை கோட்டை வரைக்கும் போகுமாமே? அதனாலதான் சொல்றேன், ஒண்ணு விடாம எழுதிக்குங்க. என் பேரு அர்த்தநாரி. இருபத்திரண்டு வருச சர்வீஸ். அதுல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இப்ப என் மேல பதினேழு பி, பெரிய தண்டனைக்குப் போடற குற்றச்சாட்டு. இங்க மாத்திவிட்டதும் அதனாலதான். விசாரணை இன்னும் முடியலை. அது முடியற வரைக்கும் எனக்குப் பதவி உயர்வு இல்லை. எனக்குப் பின்னால சேர்ந்தவங்க எல்லாம் இன்னைக்கு எனக்கே உத்தரவு போடறாங்க. சேரங்கல்மட்டத்துல மக்களைக் கூட்டி வெச்சு நிலச்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினதுல, அந்த மாவட்டத்துலயே முதல் ஆள் நான்தான். அந்த ஒரு வரி உங்க அறிக்கையில வந்தாப் போதும். மத்ததை நான் பார்த்துக்குவேன்.

சேரங்கல்மட்டம் தேயிலை ஊருங்க. நான் கீழ்நாட்டுக்காரன், குளிர் ஆகாது. மூணு வருசம் ஸ்வெட்டரோடயே வேலை பார்த்தேன். எஸ்டேட் லைன் வீடு தெரியுங்களா? ஏழு வீடு, ஒரே சுவர்ல ஒட்டுக்கா, ரயில் பெட்டி மாதிரி. பின்னால மேடு, முன்னால ஓடை. நான் சொல்லப்போறது மூணாம் லைன். அதுல ரெண்டாவது வீட்டுக்காரி மருதாயி. அஞ்சாவது வீட்டுல புஷ்பராணியும் அவ வீட்டுக்காரன் கதிர்வேலும். இந்த மூணு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, போதும்.

ஜூன் மாசம் மேல இருந்து நோட்டீசு வந்துச்சு. நிலச்சரிவுக்கு முன்னால தெரியற ஒன்பது அறிகுறி. கூட்டம் போட்டு வாசிச்சு, போட்டோ எடுத்து, வாட்ஸப் குரூப்ல ஏத்தணும். மத்த வி.ஏ.ஓ.க்கள் எல்லாம் ஆபீஸ் வாசல்ல நாலு பேரை நிக்க வெச்சுப் போட்டோ எடுத்துப்போட்டு விட்டுட்டாங்க. நான் அப்படிச் செய்யலை. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல நூத்திப் பத்துப் பேரை உக்கார வெச்சு, டீயும் பன்னும் குடுத்து, ஒன்பதையும் ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு என் போட்டோதான் குரூப்ல முதல்ல. தாசில்தார் கைதட்டற படம் ஒண்ணு போட்டாரு. அதை இன்னும் வெச்சிருக்கேன், காட்டட்டுங்களா? சரி, அப்பறம் காட்டறேன்.

அன்னைக்கு முன்வரிசையில உக்காந்திருந்தவதான் மருதாயி. தேயிலை எடுக்கறவ. அம்பது வயசு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க விரலை மடக்கிக்கிட்டே இருந்தா. நடுவுல எந்திரிச்சு ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா. என்னமோ சொன்னேன், இப்ப ஞாபகம் இல்லை. டீ ஆறிக்கிட்டு இருந்துச்சு, மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு.

ஆடி மாசம் மழை புடிச்சுது. நீங்க மெட்ராஸ்ல பார்க்கற மழை இல்லைங்க அது. ஒன்பது நாள் வெயிலே இல்லை. போட்ட துணி காயலை, அடுப்பு மேல காய வெச்சோம். தினம் பதினொரு மணிக்குள்ள குரூப்ல அறிக்கை போடணும். சேதம் இருந்தா சேதம். இல்லைன்னா 'இன்மை'. இன்மைன்னு ஒரு வார்த்தை, கீழ கிராமத்துப் பேரு. ஒன்பது நாளும் நான் பதினொரு மணிக்கு ஒரு நிமிசம் முன்னாலயே போட்டிருக்கேன். இதையும் எழுதிக்குங்க. நேரம் தவறினதே கிடையாது.

பத்தாம் நாள். ஆபீஸ்ல இருபது பேர் நிக்கறாங்க. சர்வர் வேலை செய்யலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பென்சன், ஆளாளுக்கு ஒண்ணு. மணி பத்து அம்பத்தஞ்சு. ஒரு கையில போனை வெச்சு 'இன்மை' அடிச்சுக்கிட்டு இருக்கேன், அப்ப வந்து நிக்கறா மருதாயி. தலையில பிளாஸ்டிக் சாக்கு. உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. என் ரெஜிஸ்டர் மேல சொட்டுது.

"ஐயா, கதவு சாத்த மாட்டேங்குதுங்க."

இவ்வளவுதான் மேடம் சொன்னா. என் புள்ளைங்க மேல சத்தியமா இவ்வளவுதான். மலை சரியுதுன்னு சொன்னாளா? இல்லை. மண்ணு நகருதுன்னு சொன்னாளா? இல்லை. கதவு சாத்தலை. நீங்களே சொல்லுங்க, நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன நெனைப்பீங்க? மழைக்கு மரம் ஊறிக்கும், கதவு புடிக்கும். எங்க ஊர்ல ஐப்பசியில எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்.

எஸ்டேட் ஆபீஸ்ல போய்ச் சொல்லும்மான்னேன். போகலை. கையை விரிச்சு நீட்டறா. அஞ்சு விரல். ஐயா, அஞ்சுங்கறா. அஞ்சு வீட்டுலயான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டறா. அஞ்சாவதுங்க ஐயா, அஞ்சாவதுங்கறா. சரி, அஞ்சாவது வீடுன்னு எழுதினேன். 'மூணாம் லைன் ஐந்தாம் எண் வீடு, கதவு பழுது.' அவ அங்கேயே நின்னு, அஞ்சு விரலையும் என் முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா. பின்னால இருந்த சனங்க தள்ளிட்டாங்க. போயிட்டா.

வேற வி.ஏ.ஓ.வா இருந்தா அதோட விட்டிருப்பான். நான் விடலை. பாவம், மழையில கதவில்லாம எப்படி இருப்பாங்கன்னு மனசு கேட்கலை. வேலாயுதன் ஆசாரிக்கு நானே போன் பண்ணினேன். பஜார்ல இருந்தவன். என் ஆபீஸ் அலமாரி, பெஞ்சு எல்லாம் அவன் செஞ்சதுதான். மலையாளத்துக்காரன், கை சுத்தம், வாய் அதிகம். சார், இந்த மழையில மூணாம் லைனுக்கு எப்படிப் போவேன், நாளைக்குப் பார்க்கலாமேன்னான். பொம்பளைங்க இருக்கற வீடு, இன்னைக்கே போய்ட்டு வான்னேன். நான் சொன்னா அவன் தட்ட மாட்டான். அவன் பொண்ணோட சாதிச் சான்று மனு நம்ம மேசை மேலதான் இருந்துச்சு. அதுக்காகன்னு இல்லை, பழக்கந்தான். போனான்.

ஒரு அரசு ஊழியன், தன் போன்ல, தன் பழக்கத்துல, ஒரு கூலிக்காரி வீட்டுக் கதவுக்கு ஆள் அனுப்பினானே, இது அந்த விசாரணைக் கட்டுல எங்கயாவது இருக்குதுங்களா? இருக்குது. எப்படி இருக்குது தெரியுங்களா? குற்றச்சாட்டு எண் மூணுன்னு இருக்குது. எனக்கு வயிறு எரியுதுங்க.

நாலு மணி பத்து நிமிசத்துக்கு மேடு இறங்குச்சு.

சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சு. லாரியில இருந்து ஜல்லி கொட்டற மாதிரி, ஆனா நிக்கவே இல்லை. நான் போய்ச் சேர்றப்போ லைன் இருந்த இடத்துல லைன் இல்லை. சிவப்பு மண்ணு, அது மேல தேயிலைச் செடி அப்படியே நட்டது மாதிரி நிக்குது. ஏழு வீடு, முப்பது பேராச்சும் இருப்பாங்க. முப்பதுன்னு மனசுல ஓடுது.

ஆனா முப்பது பேர் இல்லைங்க. எல்லாரும் மாதா கோயில்ல இருந்தாங்க. மருதாயி மத்தியானமே கூட்டிட்டுப் போயிட்டா. எங்கிட்ட இருந்து நேரா லைனுக்குப் போயிருக்கா. வீடு வீடா ஏறி, கையைப் புடிச்சு இழுத்து, வராதவனைத் திட்டி, ஒரு குருட்டுக் கிழவனை முதுகுல தூக்கிக்கிட்டு, கோழி ஆடு முதற்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கா. இருபத்தாறு பேரு. ஒரு கீறல் இல்லை.

மூணு பேருதான் போனாங்க. அஞ்சாவது வீடு.

மருதாயி அங்கயும் போயிருக்கா. புஷ்பராணிக்குக் கிளம்ப மனசுதான். ஆனா வேலாயுதன் கதவைக் கழட்டி நடுவீட்டுல படுக்கப் போட்டு இழைச்சுக்கிட்டு இருந்திருக்கான். கதவில்லாத வீட்டை விட்டுட்டு எப்படிக்கா வர்றது, பீரோவும் டி.வி.யும் இருக்குதேன்னாளாம். மேடு வருதுடின்னு மருதாயி சொன்னதுக்கு, மேடு வர்றதா இருந்தா வி.ஏ.ஓ. ஐயா ஆசாரியையா அனுப்புவாருன்னு கதிர்வேல் சிரிச்சானாம்.

இது மருதாயி விசாரணையில சொன்னது. நான் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

விசாரணை தாலுகா ஆபீஸ்ல நடந்துச்சு. விசாரிக்க வந்தது ஒரு சின்ன வயசு அம்மா, உங்க வயசுதான் இருக்கும். மெதுவாத்தான் பேசினாங்க. மெதுவாப் பேசறவங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயம். மருதாயியைக் கூப்பிட்டு, வி.ஏ.ஓ. கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டாங்க. கதவு சாத்த மாட்டேங்குதுன்னு சொன்னேன்னா. எனக்கு உசுரு வந்துச்சு. பார்த்தீங்களா மேடம், அவ்வளவுதான் சொன்னான்னு நான் எந்திரிச்சேன். உக்காருங்கன்னாங்க. வேற ஏதாவது சொன்னீங்களான்னு அவகிட்ட கேட்டாங்க. அஞ்சாவதுன்னு சொன்னேன்னா. அஞ்சாவது என்ன?

மேடம், அவ கண்ணை மூடிக்கிட்டா. சுண்டு விரலை மடக்கினா. "ஒண்ணு, மலைச்சரிவில் புதிய விரிசல்கள் தோன்றுதல். ரெண்டு, ஊற்று நீர் கலங்கி வருதல்." அதே நோட்டீசுத் தமிழ். நான் வாசிச்ச அதே ராகம். கூட்டத்துல எனக்கு எந்த இடத்துல இருமல் வந்துச்சோ அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தறா. மூணு, நாலு. அப்பறம் கட்டை விரலை மடக்கி, "அஞ்சு, கதவு, சன்னல்கள் நிலை பிறழ்ந்து, திறக்கவோ மூடவோ இயலாமை"ன்னா. படிக்காதவ. ஒரு எழுத்து பிசகலை. ஒன்பதும் முடிச்சுட்டு, "மேற்கண்ட அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தென்படின் உடனடியாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்கவும்"னு சொல்லி, கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தா.

நிலை பிறழ்ந்துன்னா என்னன்னு உங்களுக்கு யார் சொன்னதுன்னு அந்த அம்மா கேட்டாங்க. ஐயாதான் சொன்னாருங்க, கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன், கதவு சாத்தாதும்மா அவ்வளவுதான்னு சொன்னாருங்கன்னா.

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். அவசரத்துல சொல்லியிருப்பேன். இருபது வருசமா 'நிலை'ன்னா எனக்கு ஆபீஸ் நிலைதான், கோப்பு நிலுவையில் உள்ள நிலை, மனு பரிசீலனையில் உள்ள நிலை. கதவோட நிலைன்னு எவன் நெனைச்சான்? அவ என் வார்த்தையை எடுத்துக்கிட்டு வந்து எங்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கா. எனக்குத்தான் அடையாளம் தெரியலை.

அப்பறம் அந்த அம்மா என்னைப் பார்த்து, அஞ்சாவது அறிகுறி என்னன்னு நீங்க சொல்லுங்கன்னாங்க. அவ சொல்லி முழுசா ஒரு நிமிசம் ஆகலை. எனக்கு வரலைங்க. தாலுகா ஆபீஸ் ஃபேன் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த நோட்டீசு எங்க இருந்துச்சு தெரியுங்களா? என் நாற்காலிக்குப் பின்னால, சுவத்துல. நானே ஒட்டினது. மருதாயி அன்னைக்கு என் முகத்துக்கு நேரா விரலை நீட்டினான்னு சொன்னேன் இல்லைங்களா? என் முகத்துக்கு இல்லை. தோளுக்கு மேல, அந்தக் காகிதத்துக்கு.

சுதந்திர தினத்தன்னைக்கு அவளுக்குச் சால்வை போட்டாங்க. பேப்பர்ல படம். எனக்கு அதே வாரத்துல மெமோ. செஞ்சது என் வேலை, சால்வை அவளுக்கு. அந்த மேடையில மைக்கைக் குடுத்து, உங்களுக்கு எப்படிம்மா முன்கூட்டியே தெரிஞ்சுதுன்னு கேட்டிருக்காங்க. அவ ஒரே வார்த்தை சொல்லியிருக்கா. வி.ஏ.ஓ. ஐயா சொல்லிக் குடுத்தாங்கன்னு. என்னைக் காப்பாத்தச் சொன்னாளா, ஊரறியக் குத்திக்காட்டச் சொன்னாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. போய்க் கேட்கலாம்னு ஒரு தடவை பஸ் ஏறினேன். பாதி மலையில இறங்கித் திரும்பி வந்துட்டேன்.

உங்க தாள்ல கடைசிக் கேள்வி என்னமோ இருந்துச்சே. மேம்படுத்தத் தங்கள் ஆலோசனை. சொல்றேன், எழுதுங்க. நோட்டீசுல அந்த அஞ்சாவது வரியை எடுத்துடச் சொல்லுங்க. ஆமாங்க. மத்த எட்டும் இருக்கட்டும். விரிசல்னா விரிசல், மரம் சாஞ்சா சாஞ்சது, எவனுக்கும் புரியும். கதவுன்னு போட்டாக் குழப்பம்தான் வருது. இல்லைன்னா பொதுமக்களுக்குப் பேசறதுக்குப் பயிற்சி குடுங்க. வந்து நின்னா முழுசாச் சொல்லணும். இப்ப அங்க ஏதோ மெஷின் நட்டிருக்காங்களாம், மண்ணு நகர்ந்தா சைரன் அடிக்குமாம். நல்லது. மெஷின் வந்து விரலைக் காட்டிக்கிட்டு நிக்காது.

வேலாயுதன் பொண்ணோட சான்றை நானே கொண்டுபோய்க் குடுத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். அந்தப் புள்ளை வாங்கிக்கிட்டு, தேங்க்ஸ் சார்னுச்சு.

பேனாவைக் கொஞ்சம் மூடி வைங்க மேடம். இது எழுதறதுக்கு இல்லை. விசாரணையில யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. மண்ணுக்குள்ள போன போனை எவன் எடுத்துப் பார்க்கப் போறான்?

அன்னைக்கு மூணு மணிக்கு வேலாயுதன் எனக்குப் போன் பண்ணினான். சார், கதவுல ஒரு பழுதும் இல்லை, நிலைதான் சாஞ்சிருக்குன்னான். நிலை மட்டுமில்லை சார், மட்டக்கோல் வெச்சுப் பார்த்தேன், சுவரு சாஞ்சிருக்கு, வீடே சாஞ்சிருக்கு, எனக்கு இது சரியாப் படலை, நான் கிளம்பட்டுமான்னான். கவுன்டர்ல ஆளுங்க நிக்கறாங்க. சர்வர் அப்பத்தான் வந்திருக்கு.

"போனது போயிட்டே, ரெண்டு இழைப்பு இழைச்சு மாட்டிக் குடுத்துட்டு வா."

சரி சார்னான். வைக்கறப்போ பின்னால இழைப்புளி சத்தம் கேட்டுச்சு. நான் சொன்னா அவன் தட்ட மாட்டான்.

கிளம்பறீங்களா? ஒரு வாய் காப்பி குடிக்கலையே. நாலரைக்கு மினி பஸ் இருக்குது, புளியமரத்துக்கிட்ட நில்லுங்க. நான் முதல்ல சொன்ன அந்த வரி, முதல் கூட்டம் நான் நடத்தினதுங்கறது, அதை மறந்துடாதீங்க.

இழுக்காதீங்க மேடம், அது சாத்தாது. புரட்டாசியில இருந்தே அப்படித்தான். பயப்படாதீங்க, இங்க மலை இல்லை, வெறும் வயக்காடு, மழைக்கு மரம் ஊறியிருக்கு, அவ்வளவுதான். வீட்டுல தினம் சண்டை, ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுச் சரி பண்ணக் கூடாதான்னு. போனை எடுக்கறேன். ஆசாரின்னு அடிச்சா ஒரே ஒரு பேருதான் வருது. அழிக்கலைங்க. யாரைக் கூப்பிடறது, நீங்களே சொல்லுங்க.